கேள்விகளுக்குத் தீவனம் போட்ட அச்சகம்

எஸ்தர் டீச்சர் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த கோடையில், பதில் சொல்லாத வீடுகளிலிருந்து கேள்விகள் திரும்பிப் போகவில்லை. டீச்சர் போய்விட்டார், ஏனென்றால் டீச்சருக்கு மெயின்ரோட்டில் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது, வீட்டில் ஊறப்போட்ட அரிசி இருந்தது. கேள்விக்கு அப்படி ஒன்றும் கிடையாது, பதில் வாங்காமல் எழுந்து வரக்கூடாது என்று மேலே உள்ளவர்கள் சொல்லிக்கொடுத்ததை அது அப்படியே நம்பிவிட்டது, ஆகவே கேட்ட இடத்திலேயே தங்கிவிட்டது. முதலில் சுடலைமுத்து வீட்டில்தான் இது நடந்தது. ஆடு வளர்க்கிற மனுஷன். வீட்டில் கழிப்பறை உண்டா என்று டீச்சர் கேட்டதற்கு, அதை உங்களிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் ஆடுகளை அடைக்கப் போனபோது பட்டிக்குள் ஒரு வயதுக் கன்றுக்குட்டி உயரத்தில், நனைந்த காகிதத்தின் நிறத்தில், கண் இல்லாமல், காது இல்லாமல், விலா மட்டும் வெதுவெதுப்பாக அது படுத்துக் கிடந்தது, அவருடைய காலடி பட்டதும் டீச்சர் குரலிலேயே, "வீட்டில் கழிப்பறை உண்டா?" என்றது. சுடலைமுத்து அதற்கும் சொல்லவில்லை. ஆடுகள் ஒதுங்கி இடம் கொடுத்தன, அவர் பட்டியைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

அந்த வாரத்துக்குள் எங்கள் ஊத்துப்பொட்டலில் வீட்டுக்கு ஒன்று என்று ஆகிவிட்டது, சில வீடுகளில் இரண்டு. கூரை எதனால் ஆனது என்கிற கேள்வி, அடுப்பில் எதை எரிக்கிறீர்கள் என்கிற கேள்வி, வாகனம் உண்டா என்கிற கேள்வி, என்ன சாதி என்கிற கேள்வி. ஊரே கூடிப் பேசி வைத்துச் செய்த காரியம் என்று தாலுகா ஆபீசில் நினைத்தார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று மனு கொடுக்கக்கூட நாங்கள் கூடிப் பேசியதில்லை. போன தடவை எல்லாவற்றையும் வாய் கொள்ளாமல் சொன்னவர்கள்தான் நாங்கள். கூரை ஓடு மாற்றியிருக்கிறோம் என்று பெருமையாகச் சொன்ன ஏழெட்டு வீடுகளுக்கு வசதியானவர்கள் என்று சொல்லி ரேஷன் அரிசி குறைந்தது. கழிப்பறை இல்லை என்று உண்மையைச் சொன்னவர்களைத் தேடி விடியற்காலையில் விசிலோடு ஆட்கள் வந்து, உடைமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெரிய மனுஷர்களை எழுப்பி நிறுத்தினார்கள், பிறகு கட்டிக்கொடுத்த கழிப்பறைகளுக்குத் தண்ணீர் வரவில்லை. சொன்னால் இப்படி, சொல்லாவிட்டால் குற்றம். சரி, குற்றமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒவ்வொரு வீடும் தனித்தனியாக முடிவு செய்ததில் எல்லா முடிவும் ஒன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

கேள்விகளால் பெரிய தொந்தரவு இல்லை. கடிக்காது, முட்டாது, பாத்திரத்தில் வாய் வைக்காது. சோறு போடுகிற நேரம் பார்த்து ஒரு தடவை கேட்கும், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஒரு தடவை கேட்கும், மற்றபடி படுத்துக் கிடக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், "குளியலறைக்கு மேல்கூரை உண்டா?" என்று கேட்டு ஒரு சம்பந்தத்தைக் கெடுத்தது உண்டு, ஆனால் அந்த மாப்பிள்ளை சரியில்லாதவன் என்று பிறகு தெரிந்ததால் அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் இன்னும் மரியாதை. பிள்ளைகள் அவற்றின் மேல் சாய்ந்துகொண்டு வீட்டுப்பாடம் எழுதின. வெயில் காலத்தில் வெதுவெதுப்பு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை என்றாலும் மழை வந்தால் உதவும் என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள்.

தீவனம்தான் பிரச்சினையாக இருந்தது. வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன, புண்ணாக்கைத் தொடவில்லை. காகிதம்தான் தின்னும் என்பதைக் கண்டுபிடித்தது பேச்சித்தாய் அக்கா. மெயின்ரோட்டு முக்கில் இருக்கிற உச்சினிமாகாளி பிரஸ் அவளுடையது. சுற்றுவட்டாரத்துக்கே கல்யாணப் பத்திரிகை, சடங்குப் பத்திரிகை, கோயில் கொடைவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கடைகளுக்கு பில் புக், எல்லாம் அங்கேதான் அடிக்க வேண்டும். ஒரு மினி ஆப்செட் மிஷின், ஒரு கட்டிங் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், மடித்து ஒட்டி மஞ்சள் தடவி அடுக்குவதற்கு நான். என் பேர் முப்பிடாதி. காகிதத்தை வெட்டும்போது மிச்சம் விழுகிற ஓரத்துண்டும், மை சரியாகப் பிடிக்காமல் கழிந்துபோன தாள்களும் எங்களிடம் சாக்குச் சாக்காகக் கிடக்கும், அதுவரை பழைய பேப்பர்காரனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கோடையில் ஊர் முழுக்க ஆளுக்கொரு கூடையோடு பிரஸ் வாசலில் வரிசையில் நின்றது.

அக்காவிடமும் ஒரு கேள்வி இருந்தது. கட்டிங் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் படுத்திருக்கும். கல்யாணமான பெண்களிடம் மட்டும் கேட்கிற கேள்வி அது: இதுவரை பிறந்த குழந்தைகள் எத்தனை, அவர்களில் இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை.

அக்காவுக்குத் தலைப்பிள்ளை ஆண். பேர் விடுகிற நாள் வருவதற்கு முன்னாலேயே போய்விட்டான். பேர் விடாமல் போனது பிள்ளைக் கணக்கில் சேராது என்று அவளுடைய மாமியார் சொல்லிவிட்டார், ஓடைக்கரையில் ஆண்கள் இரண்டு பேர் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள், பால் கட்டிப்போய்க் காய்ச்சலில் கிடந்தவளிடம் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்துகொள் என்றார்கள், அவளும் அப்படியே இருந்துகொண்டாள். ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசியதில்லை. பிறகு கனி பிறந்தாள், வளர்ந்தாள், திருப்பூரில் கட்டிக்கொடுத்தார்கள். கனியின் கல்யாணப் பத்திரிகையில் 'ஏக புத்திரி' என்று போடச் சொன்னது அக்காவின் புருஷன் சங்கரலிங்கம் அண்ணாச்சி. எனக்கு ஒரே மகள்தானே என்று ஆசையாகச் சொன்னார், பாவம், அவர் மேலும் குற்றமில்லை. கம்ப்யூட்டரில் அந்த வார்த்தையை அடித்தது அக்காவின் விரல்தான். அன்றைக்கு மை பிடிக்கவில்லை என்று சொல்லி மிஷினை நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்றாள். மை நன்றாகத்தான் பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரியும்.

"ரெண்டு நம்பர்தானே அக்கா" என்று எஸ்தர் டீச்சர் கெஞ்சியது உண்டு. நல்ல பெண். லீவில் சம்பளத்தோடு வீட்டில் இருக்க வேண்டியவரை வெயிலில் அலையவிட்டிருந்தார்கள். "மனசுல ஒண்ணும் நெனைக்காம சொல்லிருங்க, நான் போட்டுக்கிட்டுப் போயிருதேன்."

"அதுல என்னத்த நெனைக்காம சொல்ல, டீச்சர்?" என்றாள் அக்கா. "ஒண்ணுன்னு சொன்னா அவன் பொறக்கவே இல்லன்னு ஆகுது. ரெண்டுன்னு சொன்னா அடுத்த கட்டத்துல ஒண்ணுன்னு போட்டு, அவனை நானே கழிச்சுக் குடுக்கணும். ரெண்டையும் செய்ய மாட்டேன்."

"இது சட்டம், கட்டாயம் சொல்லணும்னு இருக்கு அக்கா."

"நல்லா இருக்கியளான்னு கேக்கதுக்கு என்ன சட்டம் இருக்கு? வழியில போறவன் கேட்டாக்கூடச் சொல்லுதோம்லா. எங்க பத்திரிகையில பாத்திருக்கியளா, செத்தவுக பேரும் வரிசையில நிக்கும். தெய்வத்திருன்னு முன்னால போட்டுருவோம், அவுகளும் சேந்துதான் வரவேப்பாக. நான் இத்தனை வருஷமா யாரையும் கழிச்சு அடிச்சதில்ல."

டீச்சர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு எழுந்துபோனார். கட்டிங் மிஷின் ஓரத்திலிருந்து அதே குரல், "இதுவரை பிறந்த குழந்தைகள் எத்தனை?" என்று அவருடைய முதுகுக்குப் பின்னால் கேட்டது. தன் குரல் இவ்வளவு கறாராக இருக்கும் என்று அவருக்கே தெரியாதாம், பிறகு என்னிடம் சொன்னார்.

தின்கிற காகிதத்துக்குத் தக்கபடி கேள்வி மாறும் என்பது சுடலைமுத்து வீட்டில் தெரிய வந்தது. அவர் கூடைக்கு அந்த வாரம் முழுக்க ஒரு பெரிய இடத்துக் கல்யாணப் பத்திரிகையின் கழிவுத் தாளாகப் போயிருந்தது. ஒரு நாள் காலையில் பட்டிக்குள்ளிருந்து, "நிகழும் மங்களகரமான இந்நன்னாளில், தங்கள் இல்லத்தில் கழிப்பறை உண்டா என்பதை அறிய, சுற்றமும் நட்பும் சூழ ஆவலுடன் காத்திருக்கிறோம்" என்று டீச்சர் குரல் வந்தது. சுடலைமுத்து ஆடிப்போய்விட்டார். வாழ்நாளில் யாரும் அவரிடம் எதையும் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை, பதில் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாராம், பிறகு விசில் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டார்.

அதன் பிறகு ஊருக்கு ஒரு விளையாட்டு கிடைத்தது. தேர்தல் நோட்டீஸ் தின்ற கேள்விகள் தங்கள் பொன்னான பதில்களை எங்களுக்கே அளிப்பீர் என்று கையைக் கூப்ப முடியாமல் தலையை ஆட்டின. கொடை நோட்டீஸ் தின்றது மேளச் சத்தம் கேட்டதும் சாமியாடியது, அதற்குத் திருநீறு பூச ஆள் தேட வேண்டியிருந்தது. கோமுவும் சந்தனகுமாரும் சாதி விட்டுச் சாதி கட்டிக்கொண்டு எங்கள் தெருவில் குடியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் கிடந்த சாதிக் கேள்விக்கு கோமு வேண்டுமென்றே கண்ணீர் அஞ்சலி போஸ்டராக வாங்கிப் போட்டாள். அது "தங்கள் சாதி" என்று ஆரம்பிக்கும், அதற்குள் தொண்டை அடைத்துக்கொள்ளும், தேம்பும், ஆழ்ந்த வருத்தத்துடன் என்று சொல்லிக் கண் இருக்க வேண்டிய இடத்திலிருந்து கருப்பு மை வழியும், ஒரு நாள்கூடக் கேள்வி முடிவு வரை போனதில்லை. கோமு முந்தானையால் அதைத் துடைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவாள். எங்கள் தெருவில் அந்தக் கேள்வியை வேறு பலரும் முன்பு அவளிடம் கேட்டிருக்கிறார்கள், யாரும் ஒரு சொட்டு அழுததில்லை என்று எனக்கு அப்போது தோன்றியது.

அக்கா தன்னுடையதுக்கு மட்டும் வெள்ளை ஓரத்துண்டைத்தான் போட்டாள். ஓர் எழுத்துகூட இல்லாத துண்டு, அதனால் அது மாறவே இல்லை. வந்த நாளில் கேட்ட அதே குரலில், அதே இரண்டு எண்ணை, அவள் சோற்றில் கை வைக்கிற நேரம் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. இதற்கும் ஒரு பத்திரிகையைப் போட்டுப் பார்ப்போமே என்று நான் சொன்னதற்கு, "ஏளா, நீ உன் மடிப்பைப் பாரு" என்றாள்.

தாலுகா ஆபீசில் எல்லாக் கிராமமும் முடிந்து ஊத்துப்பொட்டல் மட்டும் பாக்கி நின்றது. அவர்களும் விசாரித்தார்கள், விசாரித்ததில் ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்தது: தீவனம் நின்றால் கேள்விகள் பசியில் ஓயாமல் கத்தும், கத்தல் தாங்காமல் சனங்கள் சொல்லிவிடுவார்கள், தீவனம் பிரஸ்ஸிலிருந்து வருகிறது. அரசுப் பணிக்கு இடைஞ்சலாக இருப்பதால் வருகிற திங்கட்கிழமை அச்சகம் பூட்டி முத்திரை வைக்கப்படும் என்றும், உரிமையாளர் தனக்குரிய கேள்விக்கு முறையாகப் பதில் அளித்து ஊருக்கு முன்மாதிரியாக இருந்தால் நடவடிக்கை கைவிடப்படும் என்றும் நோட்டீஸ் வந்தது. கொண்டுவந்தது எஸ்தர் டீச்சர். அவருக்கும் ஒரு மெமோ கொடுத்திருந்தார்கள்.

"என் வேலைக்காகச் சொல்லுங்கன்னு கேக்கலை அக்கா" என்றார். "பிரஸ் போயிட்டா நீங்க என்ன செய்வீங்க?"

அக்கா நோட்டீஸைத் தடவிப் பார்த்து, "மட்டமான பேப்பர்" என்றாள். ஆனால் எனக்குப் பயம் வந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம். அண்ணாச்சி இறந்துபோன பிறகு அந்த மிஷினை வைத்துத்தான் அவள் தலைநிமிர்ந்து நின்றாள். கனி கூப்பிட்டும் திருப்பூர் போகவில்லை. அந்தப் பூட்டு விழுந்தால் அவளும் இல்லை, நானும் இல்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது, ஒன்று என்று போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போமே என்று நானே சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "அவனுக்குத் தெரியும்லா" என்றாள்.

ஊர் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தது. குறைதீர்க்கும் கூட்டத்துக்கென்று நாங்கள் அடித்து வைத்திருந்த மனுப் படிவங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன, எழுதிக் கொடுத்துப் பிரயோசனம் இல்லாததால் யாரும் வாங்காமல் போனவை. அதையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் அவரவர் கேள்விக்குப் போட்டார்கள். மனுத் தின்ற கேள்விகள் முதலில் செரிக்காமல் முனகின, பிறகு ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நான் ஒட்டிக்கொண்டிருந்தேன், எட்டிப் பார்த்தேன். மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே 'பெயர் சூட்டு விழா அழைப்பிதழ்'. எங்கள் செல்வன் என்று போட்டு, பேர் வர வேண்டிய இடத்தில் கொஞ்சம் இடம் விட்டு, அன்னாருக்குப் பெயர் சூட்டி மகிழ இருப்பதால் என்று தொடர்ந்து, நாள் என்ற இடத்தில் மறுநாள் திங்கட்கிழமையைப் போட்டாள். வரவேற்பவர்கள் வரிசையில் முதல் ஆளாகத் தெய்வத்திரு என்று சேர்த்து மாமியார் பேரை அடித்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"வரவேக்கட்டும்" என்றாள். "அன்னைக்கு வேண்டாம்னு சொன்ன வாய்தானே. வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு சொல்லட்டும்."

அடுத்து அதேபோல் தெய்வத்திரு சேர்த்து அண்ணாச்சி பேர், பிறகு முன்பு 'ஏக புத்திரி' என்று அச்சான கனியின் பேர், இந்தத் தடவை தங்கை என்று. பிறகு மிஷினை ஓடவிட்டாள். ஒரு கட்டு முழுக்க அடித்து, ஈரம் காயாத தாள்களாகவே எடுத்துக் கொண்டுபோய்க் கட்டிங் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேறுகாலத்துக்கு வந்த பசுவுக்கு ஊட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாக ஊட்டினாள். அது முதல் தடவையாக எழுத்தைத் தின்றது. இத்தனை நாளும் வெறும் வெள்ளையைத் தின்று பசித்துப்போயிருந்தது என்பது தின்ற வேகத்தில் தெரிந்தது. எல்லாவற்றையும் தின்றுவிட்டு, எதையும் கேட்காமல், அவள் மடிப்பக்கம் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

திங்கட்கிழமை காலையில் தாசில்தார் ஜீப்பில் வந்தார். கூடவே பூட்டும் அரக்கும் வைத்திருந்த ஓர் ஆள். தாசில்தார் கெட்டவர் போலத் தெரியவில்லை, தூக்கம் கெட்டவர் போல இருந்தார். ஊர் முழுக்க பிரஸ் வாசலில் நின்றது, கேள்விகளும் நின்றன. அவர் இறங்கியதும் சுடலைமுத்துவின் கேள்விதான் முதலில் போய் அவர் வழியில் நின்று, "கழிப்பறை கட்டிக்கொடுத்தீர்கள், குழாயில் தண்ணீர் எப்போது வரும்?" என்று டீச்சர் குரலில் கேட்டது. கூரைக் கேள்வி, ஓடு மாற்றியவனுக்குக் குறைத்த அரிசியை எப்போது கொடுப்பீர்கள் என்றது. வாகனக் கேள்வி, எங்கள் ஊருக்குள் பஸ் வருவது எந்த வருஷத்தில் என்றது. கோமு வீட்டுக் கேள்வி மட்டும் மனுவைத் தின்ன மறுத்துவிட்டதால், பழைய வழக்கப்படி அவருடைய ஷூ மேல் தலையை வைத்துத் தேம்பியது.

"பரிசீலனையில் இருக்கு" என்றார் தாசில்தார். நாங்கள் அந்தக் கோடை முழுக்கப் பதில் சொல்லாமல் பழகியவர்கள், பதில் அல்லாத ஒன்றைப் பார்த்தால் எங்களுக்குத் தெரியும், கேள்விகளுக்கும் தெரிந்தது. எல்லாம் போய் ஜீப்பைச் சுற்றிப் படுத்துக்கொண்டன. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார், ஒன்றுகூட நகரவில்லை.

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிரஸ்ஸுக்குள் வந்தார். "இங்க பாருங்கம்மா, இவங்களையெல்லாம் நான் அப்புறம் பாத்துக்கறேன். உங்களுக்கு என்ன கஷ்டம்னு டீச்சர் சொன்னாங்க. எனக்கு ரெண்டு எண் வேணும், அவ்வளவுதான். சொல்லிட்டீங்கன்னா நான் பூட்டை எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

"நீங்க கேக்க வேண்டாம்" என்றாள் அக்கா. "கேக்க வேண்டியது இங்கயே கெடக்கு. அது கேக்கட்டும்."

அது எழுந்தது. கட்டிங் மிஷின் ஓரத்திலிருந்து மெதுவாக நடந்து வந்து அக்காவுக்கு எதிரில் நின்றது. அது எதைத் தின்றது என்று எனக்குத் தெரியும், எதைக் கேட்கும் என்று யாருக்கும் தெரியாது, பழையபடி எத்தனை என்றே கேட்டுவிட்டால் அவள் தாங்கமாட்டாள். அது கேட்டது. எஸ்தர் டீச்சர் குரல்தான், ஆனால் கறார் இல்லை, ஒரு தொட்டில் பக்கத்தில் நின்று கேட்கிற குரல். "தங்கள் செல்வனின் திருப்பெயரை அறிய அன்புடன் விழைகிறோம்." டீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அக்கா சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். அவளிடம் அந்தப் பேர் இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது என்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரியும். வயிற்றில் இருக்கும்போதே பேர் எடுத்து வைத்திருந்தாள், விடுகிற நாள் வரவில்லை, யாரும் கேட்கவில்லை. அதற்குக் காது இல்லை, இருந்தாலும் கன்றுக்குட்டிக்குக் காது இருக்கிற இடத்தில் வாயை வைத்து, பேர் விடுகிற முறைப்படி மூன்று தடவை சொன்னாள். எங்களுக்குக் கேட்கவில்லை. அது உடம்பை ஒரு தரம் சிலிர்த்துக்கொண்டது, ஈரக் காகிதம் வெயிலில் மெலிந்துபோவதைப் போல மெலிந்து, அவள் இரண்டு கைக்கும் நடுவில் ஒன்றுமில்லாமல் போனது. சிமென்டுத் தரையில் ஓர் ஈரம் மட்டும் கிடந்தது.

தாசில்தார் கணக்கெடுப்புப் பாரத்தைப் பார்த்தார். அந்தக் கட்டம் வெள்ளையாக இருந்தது. பதில் மட்டும் இல்லாமல் போயிருந்தால் அவருக்குப் பழக்கம்தான், இப்போது கேள்வியே அச்சிலிருந்து மறைந்திருந்தது. டீச்சரிடம் இருந்த பாரங்களை வாங்கிப் புரட்டினார், ஒன்றிலும் இல்லை. பூட்டு வைத்திருந்த ஆள் அவர் முகத்தைப் பார்த்தான், அவர் அவனைப் பார்க்கவில்லை.

"இப்ப என்ன சொன்னீங்க அதுகிட்ட?" என்றார்.

"காதைக் குடுங்க சார்."

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அரசாங்க உடம்பை வளைத்துக் குனிந்தார். அக்கா அவருடைய காதில் மூன்று தடவை சொன்னாள். அவர் நிமிர்ந்தார். பேனாவை எடுக்கவில்லை. பாரத்தை இரண்டாக மடித்து டீச்சரிடம் கொடுத்துவிட்டு, மெதுவாக, "எத்தனை நாள் இருந்தான்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எந்தப் பாரத்திலும் கிடையாது. கட்டாயமும் கிடையாது. அக்கா பதில் சொன்னாள். நாளைச் சொன்னாள், தலைமுடி எவ்வளவு இருந்தது என்று சொன்னாள், இடது கை விரலை மடக்கியே வைத்திருப்பான் என்று சொன்னாள், பசித்தால் அழமாட்டான், முனகுவான் என்று சொன்னாள், சொல்லச் சொல்ல அழுதாள், அவளை அழவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தாசில்தார் நின்றுகொண்டே கேட்டார். ஜீப் எப்படியும் நகரப்போவதில்லை.

அதற்குப் பிறகு எஸ்தர் டீச்சர் போய்க் குனிந்தார். அவருக்குப் பின்னால் கோமு, சந்தனகுமார், காதில் சொருகியிருந்த பீடியை எடுத்துவிட்டுச் சுடலைமுத்து, அன்றைக்கு ஓடைக்கரைக்குப் போன இரண்டு பேரில் இன்னும் இருக்கிற ஒருவர், பூட்டு வைத்திருந்த ஆள், பூட்டைக் கீழே வைத்துவிட்டு. என் முறை வந்தது, குனிந்தேன். சின்னப் பேர்தான். அடித்தால் ஒரு வரியில் பாதி இடம்கூடப் பிடிக்காது. ஆனாலும் பத்திரிகையில் அந்த இடத்தை நாங்கள் நிரப்பவில்லை, இங்கேயும் நான் எழுதப்போவதில்லை, எந்த ஆபீசிலிருந்து எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்டாலும் எங்கள் ஊரில் ஒரு ஆள்கூடச் சொல்லமாட்டார். தெரிந்தே ஆக வேண்டும் என்றால் ஊத்துப்பொட்டலுக்கு வாருங்கள். பிரஸ் திறந்துதான் இருக்கும், அக்காவின் முன்னால் வந்து குனியுங்கள், உங்கள் காதிலும் மூன்று தடவை சொல்லுவாள்.